அப்பாவின் மோட்டார் சைக்கிளும் ஆற்று மணலும்



கரும்பலகைக்கு முன் நின்று இலக்கணம் நடத்தும் ஒருவன் அலுமினியப் பாகங்களைத் துலக்குவது பற்றி எழுதுகிறானே என்று வாசகர்கள் வியக்கலாம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் நம்மவரிடையே, அதிலும் இளையோரிடையே, மிகுந்து வருகிறது. விடுமுறை நாள்களில் அஞ்சடியில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு அமர்ந்திருக்கும் தந்தையரையும் பிள்ளைகளையும் ரெம்பியாவிலும் அலோர் காஜாவிலும் காண்கிறேன். அவர்களுள் ஒருவனாக நானும் இருந்தேன். ஒரு பெரும் பிழையும் செய்தேன். அப்பிழையைத் திருத்தியவன் என்னிடம் பயின்ற மாணவன். நான் அவனிடம் கற்ற பாடத்தை இங்கே எழுதி வைப்பது கடமை எனக் கருதுகிறேன்.

அப்பா 1978இல் வாங்கியது ஹோண்டா சி70. மலேசியர் நாவில் அது 'கப்சாய்'. ஹோண்டா நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. நம் தோட்டங்களில் பிரட்டுக் களத்திற்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் இவ்வண்டியே துணை நின்றது. ரெம்பியாவைச் சுற்றி அன்று ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. அப்பாவும் இல்லை. வண்டி மட்டும் வீட்டின் பின்புறக் கொட்டகையில், கோழிக்கூண்டுக்கும் விறகுக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தது.

அவ்வண்டியில் அப்பா இட்ட இரண்டு அடையாளங்கள் இருந்தன. எஞ்சினின் வலப்புற மூடியில், கீழ் விளிம்பை ஒட்டி, '1978' என்று கீறியிருந்தார். இடப்புற மூடியில் 'மு' என்ற ஓர் எழுத்து. அவர் பெயரின் முதலெழுத்து. பட்டறைக்காரர் மூடியை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகப் பால் வெட்டும் உளியின் முனையால் கீறியது என்று அம்மா சொல்வார். அப்பா எழுதியதாக எங்களிடம் எஞ்சியிருந்தவை இவ்விரண்டுமே. கடிதம் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை.

எஞ்சினைப் பிரித்தபோது அலுமினியப் பாகங்கள் யாவும் கரிய எண்ணெய்ப் பிசுக்கும் வெண்ணிறப் பொருக்கும் படிந்து கிடந்தன. கம்பித் தூரிகையால் தேய்த்தால் கீறல் விழுந்தது. நண்பர் ஒருவர், "சாண்ட்பிளாஸ்டிங் செய்தால் ஒரே நாளில் புதிது போலாகிவிடும்" என்றார். அழுத்தப்பட்ட காற்றோடு நுண்துகள்களை வீசி, அழுக்கையும் பழைய பூச்சையும் பெயர்த்தெடுக்கும் முறை அது. பெஞ்சமின் சூ டில்மன் என்ற அமெரிக்கர் 1870இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் மணலைக் கொண்டு செய்ததால் மணலின் பெயரே நிலைத்துவிட்டது. இப்பெயரே பலரைத் தவறான வழியில் செலுத்துகிறது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

வலப்புற மூடியை மட்டும் சோதனைக்காக வேறோர் ஊரிலுள்ள கடையில் கொடுத்தேன். லாரிகளின் இரும்புச் சட்டங்களைத் துலக்கும் கடை அது. மறுநாள் மூடி திரும்பி வந்தது. அழுக்கு இல்லை, '1978'உம் இல்லை. உப்புத்தாள் போலச் சொரசொரத்திருந்த சாம்பல் நிறப் பரப்பு மட்டுமே இருந்தது. கேஸ்கெட் அமரும் விளிம்புகூடக் குழிகுழியாகிவிட்டது. கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. "அலுமினியம், இதைப் பார்த்துச் செய்யுங்கள்" என்று நானும் சொல்லவில்லை. "எந்தத் தூளால் செய்வீர்கள்" என்று கேட்கவும் இல்லை.

இனி எவரையும் நம்புவதில்லை, நானே செய்வேன் என்ற வீம்பு எனக்குள் எழுந்தது. சிறிய வீச்சுத் துப்பாக்கி ஒன்றும் இரவல் கம்ப்ரசரும் வந்து சேர்ந்தன. வீடு கட்ட மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்து வெயிலில் காயவைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, படிவம் இரண்டில் பயிலும் என் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அஞ்சடியில் தொடங்கினேன். சக்கரத்தின் நடுக்குடம் ஒன்றை மகன் பிடித்துக்கொள்ள, நான் மணலை வீசினேன். அரை மணி நேரத்தில் அஞ்சடி முழுவதும் வெண்புழுதி. அடுத்து இடப்புற மூடியை எடுத்து வைத்திருந்தேன்.

அவ்வேளையில்தான் என் முன்னாள் மாணவன் தன் தங்கையின் திருமண அழைப்பிதழைக் கொடுக்க வந்தான். தாபோ நானிங்கிலுள்ள தொழிற்பயிற்சிக் கழகத்தில் பயின்று, இப்போது சொந்தமாகச் சிறு பட்டறை நடத்துபவன். வாசலில் வண்டியை நிறுத்தியவன் நேரே வந்து கம்ப்ரசரை அணைத்தான். அழைப்பிதழ் இன்னமும் அவன் கையில்தான் இருந்தது.

"சார், இது என்ன மணல்?"

"ஆற்று மணல்தான் தம்பி. சலித்துவிட்டேன்."

"தம்பியை முதல்ல உள்ளே போய்க் குளிக்கச் சொல்லுங்க. போட்டிருக்கிற சட்டையை உதறாம தண்ணியில நனைக்கச் சொல்லுங்க. நீங்களும்தான் சார்."

என்னிடம் ஒருபோதும் குரலுயர்த்திப் பேசாதவன் அன்று அதட்டினான். நானும் மறுபேச்சின்றிக் குளித்துவிட்டு வந்தேன். அவன் அஞ்சடியைப் பெருக்கவில்லை. தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கியிருந்தான்.

அவன் விளக்கியதன் சாரம் இது. ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனப்படும் படிகச் சிலிக்கா. கையில் அள்ளும்போது அதனால் தீங்கில்லை. வேகமாக உலோகத்தில் மோதும்போது ஒவ்வொரு மணியும் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகிறது. அத்துகள் மூக்கின் மயிரையும் சளியையும் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கிவிடும். உடல் அதைக் கரைக்கவும் இயலாது, வெளியேற்றவும் இயலாது. அதைச் சுற்றித் தழும்பு வளரும். இதுவே சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. கைக்குட்டை இத்துகளைத் தடுக்காது. கட்டுமானத் தளங்களில் அணியும் எளிய முகமூடியும் திறந்தவெளி மணல்வீச்சுக்குப் போதாது. தூய காற்றைக் குழாய்வழிச் செலுத்தும் முழுத் தலைக்கவசம் வேண்டும்.

அவன் சென்றபின் இரவு முழுவதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளின்வழி வார்ப்புப் பொருள்களைத் துலக்க மணல் வீசுவதைத் தடைசெய்துவிட்டது. படிகச் சிலிக்காத் தூசு புற்றுநோய் விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது. துருக்கியில் நீலக் காற்சட்டைத் துணிகளுக்கு வெளிறிய தோற்றம் தருவதற்காக மணல் வீசிய இளந்தொழிலாளர்கள் பலர் இந்நோயால் இறந்தனர். 2009இல் அந்நாடு அம்முறையைத் தடைசெய்தது. நம் பிள்ளைகள் விரும்பி அணியும் வெளிறிய காற்சட்டைக்குப் பின்னால் இப்படியொரு கதை இருக்கிறது.

என்னை மிகவும் உலுக்கியது மற்றொரு செய்தி. இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் மந்தசூர் பகுதியில், சிலேட்டுக் குச்சி அறுக்கும் தொழிலாளர்களைத் தேசியத் தொழில்நல ஆய்வுக் கழகத்தினர் ஆராய்ந்தபோது, அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிலிக்கோசிஸ் இருப்பது கண்டறியப்பட்டது. சிறுவயதில் நான் அகரம் எழுதிப் பழகியது சிலேட்டுக் குச்சியால்தான். அந்தக் குச்சியை அறுத்த கைகளையும் நெஞ்சையும் பற்றி எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் என் மாணவர்க்குச் சொன்னதில்லை. "தூசு உடல்நலத்திற்குக் கேடு" என்ற வாக்கியத்தை எத்தனை முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! அதை எழுதிய கையே சொந்த மகனின் முகத்துக்கு நேரே மணலைத் தூற்றியது.

மறுவாரம் மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அரை மணி நேரத்திற்கெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை, இனிச் செய்யாதீர்கள் என்றார். நீண்ட நாள் மூச்சிழுப்போர்க்கும், குறுகிய காலத்தில் மிக அதிகமாக இழுப்போர்க்குமே இந்நோய் வரும் என்று விளக்கினார். அன்று வந்த நிம்மதியை எழுத்தில் வடிக்க இயலவில்லை.

பிறகு மூன்று வாரங்கள், பள்ளி முடிந்த மாலைகளில், மாணவனின் பட்டறையில் நான் மாணவனானேன்.

எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த பிறகே தூளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவன் சொன்ன முதல் விதி. பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலை நம்மில் பலர் அறிவோம். அதில் தூய அலுமினியம் மூன்றுக்கும் கீழ். அதாவது நகத்தைவிடச் சற்றே கடினம். ஆற்று மணலின் குவார்ட்ஸ் ஏழு. ஏழைக் கொண்டு மூன்றை அடித்தால் என்னவாகும் என்பதற்கு என் வலப்புற மூடியே சான்று.

அவன் பட்டறையில் ஐந்து வாளிகள் வரிசையாக இருந்தன.

முதல் வாளியில் பழுப்பு நிறத் தூள்: அலுமினியம் ஆக்சைட். மோஸ் அளவில் ஒன்பது. மிக வேகமாக அரிக்கும், பரப்பைச் சொரசொரப்பாக்கும். மீண்டும் சாயம் பூசப்போகும் பாகங்களுக்கு அச்சொரசொரப்பு நன்று, பூச்சு பற்றிக்கொள்ளும். பளபளப்பாக விடவேண்டிய பாகங்களுக்கு ஆகாது. இவ்விடத்தில் மட்டும் நான் அவனுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். படிக வடிவிலுள்ள அலுமினியம் ஆக்சைடே குருந்தக்கல். மாணிக்கமும் நீலமும் அதன் வகைகளே. ஆங்கிலேயர் அதைக் 'கொரண்டம்' என்று அழைப்பது நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கத்தி தீட்டும் சாணைக்கல்லுக்கு நம் முன்னோர் பயன்படுத்திய பொருள் அது. "தினமும் கையில அள்ளுறேன், பேரு தமிழ்னு தெரியாது சார்" என்று சிரித்தான்.

இரண்டாம் வாளியில் செந்நிற கார்னெட். தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரையில் இயற்கையாகவே கிடைக்கும் மணல் வகை இது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து ஒரு காலத்தில் பெருமளவில் ஏற்றுமதியானது. முறைகேடான அகழ்வு பற்றிய புகார்களை அடுத்து 2013இல் தமிழக அரசு கடற்கரைத் தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. இரும்புச் சட்டங்களுக்கு மணலுக்கு மாற்றாக இது நன்கு உதவும். அலுமினிய எஞ்சினுக்குக் கடினம் மிகுதி.

மூன்றாம் வாளியில் கண்ணாடி மணிகள். மாவு போலத் தோன்றினாலும் உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் உருண்டை. உருண்டையாதலால் கீறாது, சிறு சுத்தியல்போலத் தட்டும். சுமார் ஐம்பது பிஎஸ்ஐ அழுத்தத்தில் வீசினால் அலுமினியத்திற்கு மங்கலான வெள்ளி ஒளி வருகிறது. கண்ணாடியும் மணலை உருக்கிச் செய்வதுதானே என்று கேட்டேன். உருகிக் குளிரும்போது படிக அமைப்பு கலைந்துவிடுவதால் சிலிக்கோசிஸ் அச்சம் இதில் இல்லை. எனினும் எந்தத் தூசும் மூச்சுக்கு நல்லதன்று என்றான். உடைந்த மணிகள் கூர்மையாகிவிடும் என்பதால் அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

நான்காம் வாளியில் வால்நட் கொட்டை ஓட்டுத் தூள். மென்மையானது, எரிந்து இறுகிய கரியைப் பெயர்க்கும், அலுமினியத்தைத் தொடாது. கொட்டை வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளோர் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஐந்தாவது, நம் அடுப்படியில் இருக்கும் சமையல் சோடா; வீச்சுக்கென்றே சற்றுப் பருமனாகச் செய்யப்பட்டது. நியூயார்க்கின் சுதந்திரச் சிலையை 1980களில் செப்பனிட்டபோது, அதன் செப்புத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாரை நீக்கியது இச்சோடா வீச்சே. மெல்லிய செம்பும் சேதமுறவில்லை. இதன் மற்றொரு சிறப்பு, நீரில் கரைந்துவிடுவது. எஞ்சினின் எண்ணெய் வழிகளில் கண்ணாடி மணியோ ஆக்சைடோ சிக்கிக்கொண்டால், எண்ணெயோடு கலந்து கேம் தண்டையும் பேரிங்கையும் தின்றுவிடும். சோடா சிக்கினால் வெந்நீரில் கரைந்து போகும். குறைகளும் உண்டு. அலுமினியத்தில் ஊறிய வெண்பொருக்கை இது முழுமையாக எடுக்காது. நன்கு அலசாவிட்டால் மேலே பூசும் சாயம் ஒட்டாது. நம் நாட்டு ஈரக்காற்றில் கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிடும். மழை பெய்த மாலைகளில் நாங்கள் வேலையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. கம்ப்ரசருக்கு நீர்வடிகட்டி பொருத்துவது இங்கே கட்டாயம்.

எல்லாம், கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள், தூசுறிஞ்சி ஓட, முகமூடியோடு நடந்தன.

சக்கரத்தின் நடுக்குடங்களுக்கு மீண்டும் சாயம் பூச வேண்டியிருந்ததால் குருந்தத் தூள். கிரேங்க்கேஸின் வெளிப்புறத்திற்கு, துளைகளை எல்லாம் ரப்பர் அடைப்பான்களால் இறுக அடைத்துவிட்டுக் கண்ணாடி மணி. சிலிண்டர் ஹெட்டின் கரிக்குச் சோடா. சேதமடைந்த வலப்புற மூடியின் விளிம்பைத் தட்டையான கண்ணாடி மீது உப்புத்தாளை விரித்து, நாள்கணக்கில் தேய்த்துச் சமப்படுத்தினோம். '1978' மட்டும் திரும்பவில்லை.

இடப்புற மூடிக்கு வந்தபோது மாணவன் நின்றான். பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவியதும் 'மு' தெளிவாகத் தெரிந்தது.

"இது யார் எழுதியது சார்?"

சொன்னேன். சிறிது நேரம் மூடியை ஒளியில் சாய்த்துப் பார்த்தான்.

"கண்ணாடி மணி அடிச்சா மத்த பாகத்தோட ஒரே நிறமா வரும். ஆனா கீறல் மேல தட்டித் தட்டி எழுத்து மங்கிடும். சோடா அடிச்சா எழுத்து அப்படியே இருக்கும். இந்த வெள்ளைப் புள்ளியெல்லாமும் இருக்கும். எது வேணும் சார்?"

எனக்கு எழுத்துத்தான் வேண்டியிருந்தது. அவன் குறைந்த அழுத்தத்தில், சாய்கோணத்தில், பொறுமையாகச் சோடாவை வீசினான். வெந்நீரில் அலசினோம், சிறிதளவு காடி கலந்த நீரிலும் அலசி உலர்த்தினோம். இன்று அவ்வண்டியின் ஒருபுறம் பளிச்சென்றும் மறுபுறம் புள்ளி விழுந்தும் இருக்கிறது. பார்ப்போர், "இந்த மூடியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்கின்றனர். அம்மா கேட்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தேநீர் போட உள்ளே போய்விட்டார்.

இம்மாணவன் ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் கடைசி வரிசை. கட்டுரை எழுத வராது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அழுத்தத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட முடியும் என்று நம்பிய காலம் அது. அவன்மீது என் பிரம்பும் பட்டிருக்கிறது. அதை அவனிடம் சொல்லி வருந்தினேன். "அதெல்லாம் மறந்துட்டேன் சார்" என்றான். அவன் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அன்று கம்ப்ரசரை அணைத்தவன் அவனே.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படும் என்பதால் சில குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. ஆற்று மணல், கட்டுமான மணல், கடல் மணல் எதையும் வீச்சுக்குப் பயன்படுத்தாதீர். பிள்ளைகளை அருகில் விடாதீர்.

2. கடையில் கொடுப்பதாயின், "எந்தத் தூள்? எவ்வளவு அழுத்தம்?" என்று கேளுங்கள். அங்கு வேலை செய்பவர் என்ன அணிந்திருக்கிறார் என்றும் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் விரிவாக்கப்பட்டுள்ளது. சிறு பட்டறைகளும் அதற்கு உட்பட்டவையே.

3. வீசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் கழுவுங்கள். காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தை ஊறவைக்காதீர். உலோகமே கரையும், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளியும் வெளிவரும்.

4. இரும்பு மணிகளால் துலக்கிய தூளை அலுமினியத்திற்குப் பயன்படுத்தாதீர்; ஒட்டிக்கொள்ளும் இரும்புத்துகள் பின்னர் அரிப்பை உண்டாக்கும்.

5. கேஸ்கெட் விளிம்பு, பேரிங் அமரும் இடம், திருகுமரை, எண்ணெய் வழி ஆகியவற்றை அடைத்து மூடிய பிறகே தொடங்குங்கள். முடிந்ததும் வெந்நீர், பிறகு காற்று. மீண்டும் ஒருமுறை வெந்நீர், காற்று.

6. தொடங்குமுன் பாகத்தை ஒளியில் சாய்த்துப் பாருங்கள். அழியக்கூடாத ஏதேனும் அதில் இருக்கலாம்.

'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாட வேளையில் அம்மாணவனை எங்கள் பள்ளிக்கு அழைத்திருக்கிறேன். ஐந்து வாளித் தூளையும் சிறு சிறு குப்பிகளில் அடைத்துக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். நான் சலித்து வைத்த ஆற்று மணல் ஒரு மூட்டை மிச்சமிருந்தது. அதை நீர் தெளித்து நனைத்து, அம்மாவின் பூச்சாடிகளில் மகன் நிரப்பிவிட்டான்.

அன்புடன்,
ரெம்பியாவிலிருந்து ஓர் ஆசிரியன்